தள்ளி நில்லுங்கோ

அவர் என்னோடு பேசிய முதல் வார்த்தையே "தள்ளி நில்லுங்கோ" என்பதுதான்.

சிட்னியின் மேற்குப் பக்கத்தில் ஒரு கோயில். அன்னதான வரிசையில் காகிதத் தட்டோடு நின்று, எனக்கு முன்னால் நின்ற அன்ரியிடம் அவருடைய சேலை எங்கே வாங்கியது என்று விசாரித்துக்கொண்டிருந்தேன். திடீரென்று எங்கள் இரண்டு பேருக்கும் நடுவில் ஒரு கை நீண்டது. கோழி கலைப்பதுபோல அந்தக் கை ஆடியது.

"அக்கா, ஒட்டி நிக்காதேங்கோ. தள்ளி நில்லுங்கோ. ஒராளுக்கொராள் இடம் விடுங்கோ."

மெலிந்த மனிதர். நாற்பது வயதுக்குள்தான் இருக்கும். நீலச் சட்டையைக் கழுத்துப் பொத்தான்வரை பூட்டியிருந்தார். சொல்லிவிட்டு என் முகத்தைக்கூடப் பார்க்காமல் அடுத்த இரண்டு பேரைப் பிரிக்கப் போய்விட்டார். எனக்குச் சுள்ளென்று கோபம் வந்தது. நேற்று வந்த ஆள் எனக்கு நிற்கப் பழக்குகிறாரா என்று அன்ரியிடம் கேட்டேன். அன்ரிக்கும் அதே கோபம்தான்.

கோயில் நிர்வாகத்தில் இருந்த ஒருவர் வந்து அவருடைய தோளைப் பிடித்தார். "தம்பி, உங்களை ஆர் உந்த வேலைக்கு விட்டது? இது கோயில்."

"அதுதான் அண்ணை. கோயிலெண்டா இன்னும் கவனமா இருக்கோணும்" என்றார் அவர்.

நிர்வாகி தோளிலிருந்து கையை எடுத்துக்கொண்டு போய்விட்டார். வரிசை மறுபடி ஒட்டிக்கொண்டது. அவர் மறுபடி முன்னாலிருந்து பிரிக்கத் தொடங்கினார். எல்லாரும் சாப்பிட்டு முடியும்வரை அவர் சாப்பிடவில்லை.

அவருடைய பெயரை நான் இங்கே எழுதப் போவதில்லை. அவருடைய மனைவியும் பிள்ளையும் இன்னும் ஊரில்தான் இருக்கிறார்கள். எங்கள் ஆட்களுக்கு அவருடைய பெயர் தேவைப்படவும் இல்லை. பெரியவர்கள் "பொலிஸ்" என்றார்கள். பிள்ளைகள் "மூவ் பாக் அங்கிள்" என்றார்கள். அவருக்கும் அது தெரியும். பிள்ளைகள் அப்படிக் கூப்பிட்டுக்கொண்டு கும்பலாக ஓடி வந்தால் சிரித்தபடியே அவர்களை மூலைக்கொன்றாக அனுப்பி வைப்பார்.

படகில் வந்தவர். அப்படி வருபவர்களை அடைக்கும் தீவு முகாமில் வைத்திருந்து, பிறகு தற்காலிக விசாவில் வெளியே விட்டார்கள். டூங்காபியில் ஒரு வீட்டில் இளம் பொடியன்களோடு அறை. வேலை கார் கழுவும் இடத்தில். மனைவி வவுனியாப் பக்கத்தில் தாய் வீட்டில் இருந்தாள். மகள் அவர் புறப்பட்டபோது இடுப்பில் இருந்த பிள்ளை. அகதி என்று ஏற்று விசா கொடுத்தால் இருவரையும் கூப்பிடலாம். கொடுக்காவிட்டால் இல்லை. அந்த மனிதரின் ஆயுள் முழுவதும் அந்த ஒரு முடிவில் தொங்கிக்கொண்டிருந்தது.

பரமட்டாவில் அகதிகளுக்கு இலவசமாக வழக்குப் பார்க்கும் ஓர் இடத்தில் நான் மொழிபெயர்க்கப் போவதுண்டு. அங்கே ஒரு நாள் அவர் வந்து என் முன்னால் உட்கார்ந்தார். உட்காருவதற்கு முன்னால் காத்திருப்போருக்கான கதிரைகளை எல்லாம் இழுத்து இழுத்து விலத்திப் போட்டுவிட்டுத்தான் வந்தார். அப்போதுதான் கோயிலில் என்னைத் தள்ளி நிற்கச் சொன்னவர் என்று அடையாளம் கண்டேன். பிறகு நார்த்மீட்டில் இருக்கும் எங்கள் வீட்டுக்கும் வரத் தொடங்கினார். வழக்கறிஞரிடம் போகும் நாட்களில் என் காரில்தான் போவோம்.

எங்கள் வீட்டு வாசலில் செருப்பு சப்பாத்துகளை நான் வரிசையாக அடுக்கி வைத்திருப்பேன். எனக்கு அது ஒரு குணம். அவர் வந்து போனால் சப்பாத்துகள் நான்கு திசையிலும் கிடக்கும். முதலில் நாய் என்று நினைத்தேன். பக்கத்து வீட்டு நாயை ஏசியும் இருக்கிறேன். பிறகு ஒரு நாள் யன்னலால் பார்த்தால், காலால் ஒவ்வொன்றாக மெல்லத் தள்ளி விலத்திக்கொண்டிருந்தார்.

"தம்பி, என்ன செய்யுறீங்கள்?"

"ஒண்டுமில்லை அக்கா. உப்பிடி வரிசையா இருந்தா எனக்கு ஒரு மாதிரி இருக்குது."

"எனக்கு உப்பிடிச் சிதறிக் கிடந்தாத்தான் ஒரு மாதிரி இருக்குது."

"சரி அக்கா, பேந்து அடுக்குங்கோ. நான் வெளிக்கிட்ட பிறகு அடுக்குங்கோ" என்றார்.

என் கணவருக்கு இந்தக் கதைகள் எல்லாம் பெரிய பகிடி. கார் கழுவும் இடத்தில் கார்களையும் தள்ளித் தள்ளித்தான் நிறுத்த வைக்கிறாராம் என்று எங்கேயோ கேட்டுக்கொண்டு வந்து சொன்னார். அது உண்மைதான். முதலாளிக்கு அதில் சந்தோசம், ஒரு கார் இன்னொரு காரில் இடிக்கவில்லை. எல்லாரும் சிரித்தோம். அவரும் எங்களோடு சேர்ந்து சிரித்தார்.

மே மாதத்தில், ஊரில் போரின் கடைசி நாட்களில் இறந்தவர்களை நினைத்துப் பூங்கா ஒன்றில் மெழுகுதிரி ஏற்றினார்கள். மழை தூறியதால் சனம் ஒரு கூடாரத்துக்குள் நெருங்கி நின்றது. அவர் அங்கேயும் கையை நீட்டிக்கொண்டு புகுந்தார். "இஞ்ச பாருங்கோ, உப்பிடி ஒரு இடத்தில நிக்காதேங்கோ, ஐயோ, சொல்லுறதைக் கேளுங்கோ" என்று குரலை உயர்த்தினார். ஒரு பெரியவர், "செத்தவைக்கு மரியாதை குடுக்கத் தெரியாதவனை ஆர் கூட்டிக்கொண்டு வந்தது?" என்று கத்தினார். அவர் போய்த் தூரத்தில் ஒரு மரத்தடியில் நின்றார். அவருக்குத் தரப்பட்ட மெழுகுதிரி கையில் பற்றவைக்கப்படாமல் இருந்தது. அன்றைக்கு எனக்குச் சிரிப்பு வரவில்லை. இந்த மனிதரிடம் ஏதோ இருக்கிறது என்று பயம்தான் வந்தது.

தீவில் நடந்த முதல் விசாரணையில் தான் கூலி வேலை செய்தவர் என்று அவர் சொல்லியிருந்தார். தோட்டம், மண் வெட்டு, அவ்வளவுதான். வழக்கறிஞரான வெள்ளைக்காரப் பெண் திருப்பித் திருப்பிக் கேட்டும் அதையே சொன்னார். ஆனால் பொய் சொல்லப் பழக வேண்டும், அவருக்கு அது வரவில்லை. ஒரு நாள் கோயில் அன்னதானத்தைப் பற்றிப் பேசும்போது, "அக்கா, அந்த டிஸ்ட்ரிபியூஷன் பொயின்ற் பிழை. பெனிஃபிஷியரீஸ் வாறதுக்கும் போறதுக்கும் ஒரே வாசல் வைக்கக்கூடாது" என்றார். மண் வெட்டியவரின் வாயில் இந்தச் சொற்கள் எப்படி வரும்? நான் அவரையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவரும் தன் வாயிலிருந்து என்ன விழுந்தது என்று புரிந்துகொண்டார்.

மெல்ல மெல்ல ஒத்துக்கொண்டார். வன்னியில் ஒரு வெளிநாட்டுத் தொண்டு நிறுவனத்தில் கள வேலை. உணவு, தண்ணீர், கூடாரம் பங்கிடுவது. சண்டை நெருங்க வெளிநாட்டு ஆட்களை வெளியேறச் சொன்னார்கள். அவர்கள் போனார்கள். உள்ளூர் ஆட்கள் சனத்தோடு சனமாக நகர்ந்து நகர்ந்து, இருந்ததை வைத்துக் கஞ்சி காய்ச்சி ஊற்றினார்கள்.

"என்ர லைன் எண்டா எல்லாருக்கும் தெரியும் அக்கா" என்றார், அந்த ஒரே ஒரு நாள் கொஞ்சம் பெருமையோடு. "ஒரு அடிபிடி இல்லை. நூல் பிடிச்ச மாதிரி நிக்கும். எங்கட பெரியவர், வெள்ளைக்காரர், என்ர லைனைப் படம் எடுத்துக்கொண்டு போனவர், மற்ற நாடுகளில காட்ட."

"இதைச் சொல்லாமல் ஏன் கூலி எண்டு சொன்னனீங்கள்? இதுதானே உங்கட பலம்?"

"இதைச் சொன்னா மிச்சத்தையும் கேப்பினம் அக்கா."

மிச்சம் என்னவென்று நான் கேட்கவில்லை. வழக்கறிஞர்தான் கண்டிப்பாகச் சொன்னார்: உண்மையைச் சொல்லாவிட்டால் வழக்கு இல்லை, வழக்கு இல்லாவிட்டால் மகள் இல்லை. மகள் என்ற சொல்லை நான் தமிழில் சொன்னபோது அவர் தலையை ஆட்டினார். சம்மதித்துவிட்டார்.

இரண்டாவது விசாரணைக்குப் போகும் வழியில் காரில் வானொலி ஓடிக்கொண்டிருந்தது. தேர்தல் பேச்சு. ஓர் ஆள் படகில் வருபவர்களைப் பற்றிச் சூடாகப் பேசினார். அவர் என்ன சொல்கிறார் என்று இவர் கேட்டார்.

"நீங்கள் எல்லாம் லைனில நிக்காமல் இடையில பூந்து வந்தனீங்களாம்" என்றேன் எரிச்சலோடு.

"எந்த லைன்?"

"வேற நாடுகளில முகாம்களில ஆக்கள் முறைக்குக் காத்துக்கொண்டு இருக்கினமாம். அந்த லைன்."

கோபப்படுவார் என்று நினைத்தேன். சந்தி விளக்கில் கார் நின்றபோது கேட்டார்: "அந்த லைனுக்கு ஆர் அக்கா பொறுப்பு? ஆக்களைத் தள்ளித் தள்ளித்தானே நிக்க விட்டிருக்கினம்?" உண்மையான கவலையோடுதான் கேட்டார். நான் வானொலியை நிறுத்தினேன்.

விசாரணை அறை சின்னது. அதிகாரி, வழக்கறிஞர், அவர், துணைக்கு நான். மொழிபெயர்ப்பாளர் நேரில் இல்லை. மேசையில் இருந்த தொலைபேசியிலிருந்து அவருடைய குரல் மட்டும் வந்தது. தமிழ்நாட்டுக்காரர், கனிவான குரல். "வணக்கம் சார், நீங்க மெதுவா சொல்லுங்க, நான் அப்படியே சொல்றேன்" என்றார். சொல்பவர் "நான்" என்றால் மொழிபெயர்ப்பவரும் "நான்" என்றுதான் சொல்ல வேண்டும். அது அந்தத் தொழிலின் விதி.

அவர் மேசையைப் பார்த்தபடி சொன்னார்.

"மைக்கில சனத்தைக் கூப்பிட்டது நான். காலமை கஞ்சி. பிள்ளைத்தாச்சியளும் கைப்பிள்ளைக்காரியளும் முன்னுக்கு வாங்கோ எண்டு சொன்னனான். அது நான் வைச்ச சட்டம். மற்றாக்கள் பின்னால ஒட்டி நில்லுங்கோ எண்டனான். இடைவெளி விட்டா ஆக்கள் பூந்திடுவினம். ஒராளும் இடையில பூரக்கூடாது, அதுதான் என்ர கவனம் எல்லாம். பூர்ற ஆக்களைப் பிடிக்க நான் பின்பக்கம் நிண்டனான். செல் முன்னுக்கு விழுந்து வெடிச்சது."

தொலைபேசியில் ஆங்கிலம் வந்தது. நான் கூப்பிட்டேன். நான் வைத்த விதி. நான் ஒட்டி நிற்கச் சொன்னேன். பிறகு குரல் நின்றது. அதிகாரி தொலைபேசியைப் பார்த்தார். "ஒரு நிமிஷம்" என்றது குரல், தமிழில். "சார், ஒரு நிமிஷம் குடுங்க." எங்கோ ஓர் அறையில் முகம் தெரியாத ஒரு மனிதர் மூக்கை உறிஞ்சுவது எங்களுக்குக் கேட்டது.

"பேந்து பாத்தா முன்னுக்கு ஆக்கள் இல்லை" என்று இவர் தொடர்ந்தார். யாருக்காகவும் அவர் நிற்கவில்லை. "பின்னுக்கு நிண்ட சனம் ஓடிட்டுது. இடம்பிடிக்க வைச்ச சட்டியளும் செருப்புகளும் மட்டும் வரிசையா இருந்தது. நல்ல நேரா இருந்தது."

என் வீட்டு வாசல் எனக்கு நினைவு வந்தது.

அதிகாரி கெட்ட மனிதர் அல்ல. தண்ணீர் ஊற்றிக் கொடுத்தார். ஆனால் கேள்வி கேட்பது அவருடைய வேலை. உங்கள் மனைவிக்கும் அப்போது கைக்குழந்தை இருந்ததே, அவர் ஏன் முன்வரிசையில் இல்லை என்று கேட்டார்.

"வரவேண்டாமெண்டனான். அவளுக்கும் பசிதான். பால் இல்லை. ஆனா பங்கிடுற ஆளின்ர மனுசி முதல் ஆளாக் கஞ்சி வாங்கினா சனம் கதைக்கும். எல்லாரும் வாங்கின பிறகு கடைசியா வா எண்டனான்."

வெளியே வந்ததும் சுவரோரமாகக் குந்தினார். அவருடைய சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. நான் தொட்டுத் தேற்றவில்லை, அவர் யாரையும் நெருங்க விடமாட்டார். தள்ளி நின்றேன். பிள்ளைக்குப் பால் இல்லாமல் இருந்தும் தன் மனைவியைக் கடைசிக்கு அனுப்பிய நேர்மையை நினைக்க எனக்கு அழுகையாகவும் ஆத்திரமாகவும் இருந்தது.

முடிவு மாதக்கணக்கில் கழித்து வந்தது. மறுத்துவிட்டார்கள். முதலில் கூலி என்றவர் பிறகு தொண்டுப் பணியாளர் என்கிறார், அதனால் நம்பிக்கை இல்லை. அதோடு, பங்கிடும் பொறுப்பில் இருந்தவரின் மனைவி, பிறந்த குழந்தையோடு, முன்னுரிமை இருந்தும், பட்டினியோடு வரிசைக்குப் போகாமல் இருந்தாள் என்பது நம்பக்கூடியதாக இல்லை. ஆகவே அவர் சொன்ன அந்தச் சம்பவம் அவர் சொன்னபடி நடந்ததாக ஏற்க முடியாது.

இதை நான்தான் அவருக்கு வாசித்துத் தமிழில் சொன்னேன். எங்கள் குசினி மேசையில், மத்தியான வெயிலில், தேத்தண்ணி ஆறிக்கொண்டிருந்தது. சொல்லி முடித்து அவருடைய முகத்தைப் பார்க்கப் பயந்தேன்.

"நடக்கேல்லை எண்டா எழுதியிருக்கினம்?" என்று கேட்டார்.

"ஓம் தம்பி."

"இன்னொருக்கா வாசியுங்கோ."

வாசித்தேன். அவர் கண்ணை மூடிக் கேட்டார்.

"நல்லது அக்கா" என்றார். "அது நடக்கேல்லை எண்டு இந்த உலகத்தில ஒராளாவது சொல்லிப்போட்டார்."

மேல்முறையீடு இருக்கிறது, வெல்லலாம், சாட்சி தேடலாம் என்று வழக்கறிஞர் மன்றாடினார். நானும் கத்தினேன். அவரோ, "நடந்தது எண்டு இனி நான் நிரூபிக்கோணும், அப்பிடித்தானே? ஆக்களைத் தேடிப் பிடிச்சு, உங்கட பிள்ளை என்ர லைனில நிண்டதுதானே எண்டு கேட்டு எழுதி வாங்கோணும். என்னால ஏலாது அக்கா" என்றார்.

"அப்ப பிள்ளை? உங்கட பிள்ளையை நினைச்சுப் பாத்தனீங்களோ?"

"அங்க போனா அவளை ஒருக்காப் பாக்கலாம்."

"அங்க போனா உங்களைப் பிடிப்பாங்கள், விசரா!" என்றேன். அப்படி ஒரு சொல்லை அவரிடம் நான் அதற்கு முன்னால் பாவித்ததில்லை.

"ஓம் அக்கா" என்றார்.

தானாகத் திரும்பிப் போவதாகக் கையெழுத்துப் போட்டார். விமான நிலையத்துக்கு நானும் என் கணவரும்தான் கூட்டிப் போனோம். மகளுக்கென்று ஒரு கங்காரு பொம்மை வாங்கிக் கையில் வைத்திருந்தார். பெட்டி போடும் இடத்தில் பெரிய வரிசை, விடுமுறைக்காலம். பெட்டி தள்ளுவண்டிகள் முன்னால் நின்றவர்களின் குதிக்காலில் முட்டிக்கொண்டு நின்றன. அவர் போய் அந்த வரிசையின் கடைசியில் சேர்ந்தார். பின்னால் ஒரு பெரிய குடும்பம் வந்து அவரை நெருக்கியது. ஒரு பிள்ளை அவருடைய காலில் சாய்ந்துகொண்டது. என் கணவர் அவரை வைத்துப் பகிடி பண்ணும் ஆள். அன்றைக்கு என் கையைப் பிடித்துக்கொண்டு, "ஏதாவது சொல்லுவார் பார், இப்ப சொல்லுவார்" என்றார். அவர் யாரையும் தள்ளி நிற்கச் சொல்லவில்லை.

கொழும்பில் இறங்கியதும் விசாரணைக்கு என்று கொண்டு போனார்கள். பொம்மையை மனைவியிடம் கொடுத்தார்களா என்று எனக்குத் தெரியாது, கேட்கத் துணிவு வரவில்லை. அவரை எங்கே தடுத்து வைத்திருக்கிறார்கள் என்று கண்டுபிடிக்கவே அவளுக்கு வெகுநாள் எடுத்தது. இப்போது கிழமைக்கு ஒரு முறை பார்க்க விடுகிறார்கள். நான் இடைக்கிடை அவளுக்குத் தொலைபேசி எடுப்பேன். அவளுடைய குரல் அவருடைய குரல் போலவே அவசரமில்லாத குரல்.

போன முறை எடுத்தபோது, மகள் தகப்பனோடு பேசினாளா என்று கேட்டேன்.

"இந்தக் கிழமை பாக்கக் கிடைக்கேல்லை அக்கா. வெய்யிலுக்குள்ள பெரிய லைன். கேற்றில நிக்கிறவன் நல்ல பொடியன், பிள்ளையளோட வந்தவை முன்னுக்கு வாங்கோ எண்டு கூப்பிடுறவன். எல்லாத் தாய்மாரும் ஓடுவினம்."

"நீங்களும் போங்கோவன் பிள்ளை."

"நான் முன்னுக்குப் போறேல்லை அக்கா. அண்டைக்கு அவர் சொன்னதாலதானே இவள் இருக்கிறாள். இவளையும் கொண்டு கடைசியில, தள்ளித்தான் நிக்கிறனான். கனநாள் எங்கட முறை வர முன்னம் கேற்றைப் பூட்டிப்போடுவினம்."